ஆன்டி-எச்பிசி பாசிட்டிவ் என்றால் மறைந்த தொற்றா?

சகோதரி, உங்களுக்கு ஹெபடைட்டிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்று). பையனுக்குப் பிறந்த அன்றே தடுப்பூசியும், ஆன்டிபாடி ஊசியான இம்யூனோகுளோபுலினும் போட்டாயிற்று. ஒன்றரை வயதில் எச்பிஎஸ்ஏஜி (வைரஸின் மேற்புறப் புரதம்) நெகட்டிவ், ஆன்டி-எச்பிசி (வைரஸின் உட்பகுதிப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி) பாசிட்டிவ் என்று வந்ததிலிருந்து, மறைந்த தொற்றோ என்று தூக்கமில்லை என்கிறீர்கள். அந்த ஆன்டிபாடி கருவிலேயே உங்களிடமிருந்து போனதாக இருக்கலாம், இரண்டு வயது வரைகூடத் தங்கும். அதே ரிப்போர்ட்டில் ஆன்டி-எச்பிஎஸ் (வைரஸிடமிருந்து காக்கும் ஆன்டிபாடி) எண்ணைப் பாருங்கள். 10 அல்லது அதற்கு மேல் என்றால் தடுப்பூசி பிடித்திருக்கிறது.

ஆனாலும் உங்கள் சந்தேகம் வீண் இல்லை. எச்பிஎஸ்ஏஜி நெகட்டிவாக இருந்தும் வைரஸ் டிஎன்ஏ சொற்ப அளவில் ஒளிந்திருப்பதை, தடுப்பூசி போட்ட சில பிள்ளைகளிடமும் கண்டிருக்கிறார்கள். அதை, வைரஸ் டிஎன்ஏவைத் தேடும் பிசிஆர் சோதனைதான் காட்டும். இரண்டு வயது தாண்டியதும் ஆன்டி-எச்பிசி மறுபடி எடுங்கள். அப்போதும் பாசிட்டிவ் என்றால் குழந்தைகள் கல்லீரல் மருத்துவரிடம் பிசிஆர் பற்றிக் கேளுங்கள். அதுவரை இந்த ரிப்போர்ட்டைத் தடுப்பூசி அட்டையோடு பத்திரமாக வையுங்கள்.