நெஞ்சு ஒப்பறேசனுக்கு சென்னை போகுமுன்

நெஞ்சறைச் சத்திரசிகிச்சை வார்டில் நெடுங்காலம் தாதியாக இருந்துவிட்டு இப்போது மட்டக்களப்பில் ஓய்வில் இருக்கிறேன். நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

மிஸ்ஸி, மகனுக்கு 15 வயது. நெஞ்செலும்பு குழிவிழுந்திருக்கிறது. கம்பி வைக்க ஒருமுறை போனால் போதுமா? (கல்லடி)

போதாது தங்கச்சி. அமெரிக்காவில் டொனால்ட் நஸ் என்ற டொக்டர் 1987இல் முதலில் செய்த முறை இது. இரு விலாப்பக்கமும் சின்னதாக வெட்டி, கமராவில் பார்த்தபடி வளைந்த கம்பியை நெஞ்செலும்புக்கு அடியால் விட்டுத் திருப்புவார்கள். குழி அப்போதே மேலெழும். ஆனால் கம்பி 2 முதல் 4 வருடம் உள்ளே இருக்கும். அதை எடுக்க இன்னொரு ஒப்பறேசன். இரண்டு பயணத்துக்கும் சேர்த்துக் காசு பாருங்கள். கவரிங் சங்கிலி, பெல்ட் கொக்கி பட்டால் பிள்ளைக்குச் சொறியுமா? அப்படியென்றால் அது நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம், வழமையான ஸ்டீல் கம்பியிலும் நிக்கல் உண்டு. முன்பே சொல்லுங்கள், டைட்டேனியம் கம்பி போடலாம். வெட்டு சின்னது, வலி சின்னதல்ல. அப்புறம், கொழும்பிலும் நெஞ்சறைச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் இருக்கிறார்கள், அரச ஆஸ்பத்திரியில் இலவசம். முதலில் அங்கே காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

வாப்பாவுக்கு நுரையீரல் கட்டியை கமரா மூலம் எடுக்கிறார்கள். எத்தனையாம் நாள் பிளைட் ஏறலாம்? (காத்தான்குடி)

நாளை எண்ணாதீர்கள் தம்பி, எக்ஸ்ரேயைப் பாருங்கள். நெஞ்சுக்குள் காற்று தங்கியிருந்தால், மேலே பறக்கும்போது அது ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு விரியும், நுரையீரலை நெருக்கும். நுரையீரல் முழுதாக விரிந்துவிட்டதென்று எக்ஸ்ரேயில் தெரிந்த பிறகும் பொதுவாக ஒரு கிழமை பொறுக்கச் சொல்வார்கள். ஆகவே திகதி மாற்றக்கூடிய டிக்கெட் எடுங்கள். கட்டுநாயக்காவில் இறங்கிய இரவே மட்டக்களப்புக்கு வான் பிடிக்க வேண்டாம், ஒரு நாள் தங்கி வாருங்கள்.

டூரிஸ்ட் விசாவில் போகலாமா? (அக்கரைப்பற்று)

வேண்டாம். மெடிக்கல் விசா எடுங்கள்; துணைக்குப் போகிறவர்களுக்கும் தனி விசா உண்டு.

திரும்பி வந்தபின் ஏதும் நடந்தால்? (வாழைச்சேனை)

எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். வெளிநாட்டில் ஒப்பறேசன் முடித்து, காய்ச்சலோடு வந்த ஒரு பிள்ளையின் கையில் பில் மட்டும்தான் இருந்தது. உள்ளே என்ன செய்தார்கள் என்று அறியவே எங்களுக்கு ஒரு நாள் போனது. ஒப்பறேசன் குறிப்பு, சதைப் பரிசோதனை முடிவு, ஸ்கேன் சீடி மூன்றையும் வாங்காமல் வார்டை விட்டு இறங்காதீர்கள். வந்ததும் போதனா வைத்தியசாலைக் கிளினிக்கில் காட்டுங்கள். திடீரென மூச்சு முட்டினால் சென்னைக்கு வாட்ஸ்அப் அனுப்பிக் காத்திராமல் 1990க்கு அடியுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.