செயலி நம்மை இழுக்கும் விதம்: கேள்வி பதில்

பெங்களூரில் செயலித் திரைகளை வடிவமைப்பது என் வேலை. இங்குள்ள தமிழ் நண்பர்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள் இவை.

கேள்வி (அல்சூர்): அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரையை ஞாபகப்படுத்த ஒரு செயலி போட்டுக் கொடுத்தேன். மணி அடித்ததும் அணைத்துவிட்டு மறந்துவிடுகிறார். ஏன் அக்கா?

பதில்: விருப்பம், சுலபம், தூண்டல் மூன்றும் ஒரே நொடியில் கூடினால்தான் ஒரு காரியம் நடக்கும் என்பது ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் பி.ஜே. ஃபாக் 2009இல் முன்வைத்த கோட்பாடு. அம்மாவுக்கு விருப்பம் இருக்கிறது, மணியும் அடிக்கிறது. ஆனால் அவர் அடுப்படியில் நிற்கிறார், மாத்திரை பீரோவில் கிடக்கிறது. டப்பாவை அவர் கைக்கு எட்டும் இடத்துக்கு மாற்றிப் பாருங்கள்.

கேள்வி (வைட்ஃபீல்ட்): வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. சந்தாவை ரத்து செய்யும் பட்டனை நாலு திரை தள்ளி வைக்கச் சொல்கிறார் மேலாளர். இதுவும் இணங்க வைக்கும் வடிவமைப்புதான் (பயனரை ஒரு செயலுக்குத் தூண்டும் வடிவமைப்பு) என்கிறார்.

பதில்: இல்லை தம்பி. ஃபின்லாந்து ஆய்வாளர்கள் ஓய்னாஸ்-குக்கோனென், ஹர்யுமா இருவரும் 2009இல் இந்தத் துறைக்கு 28 கொள்கைகளைத் தொகுத்தார்கள். சிக்கலான வேலையைச் சுலபமாக்குவது, நேரத்துக்கு நினைவூட்டுவது, பாராட்டுவது எல்லாம் அதில் உண்டு. ஆனால் இணங்க வைக்கும் முயற்சி ஒளிவுமறைவில்லாமல் இருக்க வேண்டும் என்பது அவர்கள் போட்ட அடித்தளம். உங்களிடம் கேட்பது சுலபமானதைச் சிக்கலாக்கும் வேலை. பயனரை ஏமாற்றும் இப்படிப்பட்ட வடிவமைப்புகளுக்குப் பிரிட்டன் வடிவமைப்பாளர் ஹாரி பிரிக்னல் 2010இல் 'டார்க் பேட்டர்ன்' என்று பெயர் வைத்தார். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2023 வழிகாட்டுதல்கள் பட்டியலிடும் 13 டார்க் பேட்டர்ன் வகைகளில் சந்தாப் பொறியும் ஒன்று. அந்தப் பட்டியலை அச்செடுத்துக் கூட்டத்துக்குக் கொண்டு போங்கள். மேலாளருக்கும் அது உதவும். முன்பு ஓரிடத்தில் நானே இப்படி ஒரு திரை வரைந்து கொடுத்தேன். வெளியேற வழி தெரியாமல் வாடிக்கையாளர்கள் எழுதிய மடல்கள் இன்றும் என்னை உறுத்துகின்றன.

கேள்வி (ஜெயநகர்): மளிகை ஆர்டரில் நான் கேட்காத நன்கொடை சேர்ந்துவிட்டது.

பதில்: அதுவும் மேலே சொன்ன 13 டார்க் பேட்டர்ன் வகைகளில் ஒன்றுதான். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள்.

கேள்வி (எலெக்ட்ரானிக் சிட்டி): கன்னடம் கற்கும் செயலியில் 60 நாள் விடாமல் வந்திருக்கிறேன். ஒரு நாள் விட்டாலும் பதறுகிறது. இது நல்லதா?

பதில்: பழக்கம் பிடிபடும்வரை நல்லதுதான். அப்புறம் அந்த எண்ணைக் காப்பாற்றவே நாளுக்கு ஒரு பாடம் தட்டுகிறீர்கள் என்றால், செயலியின் கணக்குதான் ஏறுகிறது, உங்கள் கன்னடம் ஏறவில்லை. நாளைக்கு ஆட்டோவில் ஏறியதும் முழு வழியையும் கன்னடத்திலேயே சொல்லிப் பாருங்கள்.