க்ரோனிக் ஊப்ளியே: எங்கிருந்து தொடங்குவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்யாணமாகி துலூஸுக்கு வந்து பல வருடங்கள் ஆகின்றன. அலுவலகத்துக்கும் கடைக்கும் போதுமான பிரெஞ்சு வரும். என் பையனுக்குப் பன்னிரண்டு வயது, கொலேஜில், அதாவது இங்கத்திய நடுநிலைப் பள்ளியில் படிக்கிறான். பிறந்தநாளுக்கு யாரோ 'க்ரோனிக் ஊப்ளியே' என்ற கதை விளையாட்டின் தொடக்கப் பெட்டியைக் கொடுத்தார்கள். புதன் மதியங்களில் கூட்டாளிகள் மூன்று பேரோடு விளையாட வேண்டுமாம். ஆட்டத்தை நடத்த ஆள் இல்லை என்று என்னைப் பிடித்துக்கொண்டான். "அம்மா, நீதான் நல்லா கதை சொல்வ" என்கிறான். பெரிய விதிப்புத்தகத்தை நூலகத்திலிருந்து எடுத்துவந்தேன். கொஞ்சம் படித்ததற்கே தலை சுற்றுகிறது. எங்கிருந்து தொடங்குவது? என் பிரெஞ்சை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைகள் முன்னால் இதைச் செய்யலாமா?

வி., துலூஸ்

அன்புள்ள வி.,

தாராளமாகச் செய்யலாம். பெரிய புத்தகத்தை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது வேண்டியிருக்கும், ஆனால் சில மாதங்கள் கழித்து. இப்போதைக்குப் பெட்டியில் இருக்கிற கையேடும், கதாபாத்திரங்களின் திறமைகளையும் எண்களையும் ஏற்கெனவே நிரப்பிவைத்த பாத்திரத் தாள்களும், பகடைகளும் போதும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சில் 'ஜே த ரோல்' எனப்படும் இந்த வகை விளையாட்டில் ஒருவர் சூழலைச் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்ற இடத்தில் பகடை முடிவு சொல்லும். 1974இல் அமெரிக்காவில் வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'தான் ஆரம்பம். பிரெஞ்சுக்காரர்கள் அதை விளையாடுவதோடு நிற்காமல் 1983லேயே 'லுல்தீம் எப்ரெவ்', 'லெஜாந்த்' என்று சொந்த ஆட்டங்களைப் போட்டுவிட்டார்கள். 1985இல் கலிமார் பதிப்பகம் ஒரு ஜெர்மன் ஆட்டத்தை 'லெய் நுவார்' என்ற பெயரில் கையடக்கப் புத்தகங்களாகக் கொண்டுவந்தது. பிள்ளைகள் கதைப்புத்தகம் வாங்குகிற கடையிலேயே இந்த ஆட்டமும் கிடைத்தது. பிளாக் புக் எதிசியோன் வெளியிடும் க்ரோனிக் ஊப்ளியேவும் புதியவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டதுதான். அமெரிக்க ஆட்டத்தின் இருபது முகப் பகடையை எடுத்துக்கொண்டு, கூட வந்த சுமையைப் பெருமளவு இறக்கிவைத்துவிட்டார்கள்.

முதல் நாளுக்கு ஒரே ஒரு விதி தெரிந்தால் போதும். இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும், தாளில் இருக்கும் எண்ணைக் கூட்ட வேண்டும், நீங்கள் வைத்த இலக்கை எட்டினால் காரியம் நடந்துவிட்டது. சுமாரான காரியத்துக்கு 10, கஷ்டமானதற்கு 15 வையுங்கள். சண்டையிலும் இதேதான். அங்கே இலக்கு எதிரியின் 'தெஃப்', அதாவது தற்காப்பு எண். அடி பட்டால் ஆயுதத்துக்குரிய பகடையை உருட்டி, வந்ததை 'பேவே' எனப்படும் உயிர்ப்புள்ளிகளில் கழித்துவிடுங்கள். மற்றதெல்லாம் தேவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம். விதி ஞாபகம் வராவிட்டால் நீங்களே ஒரு எண் சொல்லிவிட்டு மேலே போங்கள். ஆட்டத்தை நிறுத்திப் பக்கம் புரட்டினால் பிள்ளைகள் கலைந்துவிடுவார்கள்.

இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது 'வுவா' என்கிற பாதைகள். பெரிய புத்தகத்தில் உங்கள் தலையைச் சுற்றவைத்ததும் அநேகமாக அவைதான். வீரன், திருடன், மந்திரவாதி என்று எந்த வகைப் பாத்திரத்துக்கும் ஐந்து பாதைகள், ஒவ்வொரு பாதையிலும் ஐந்து படிகள், படிக்கு ஒரு திறமை. வீரனுக்குக் கேடயப் பாதை உண்டு, படைவீரன் பாதை உண்டு. மந்திரவாதியின் பாதை ஒன்றில் முதல் படியே வெளிச்சம் உண்டாக்குவதுதான். மொத்தம் 25 திறமைகள் என்றாலும், முதல் நிலையில் ஒரு பாத்திரத்துக்கு இரண்டே இரண்டு. ஒரு பிள்ளை முதல் நாள் நினைவில் வைக்க வேண்டியது அவ்வளவுதான்.

அப்புறம் ஒவ்வொரு நிலை ஏறும்போதும் இரண்டு புள்ளிகள் கிடைக்கும். முதல் இரண்டு படிகளுக்குத் தலா ஒரு புள்ளி, மூன்றாவதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு புள்ளிகள். எடுத்த பாதையிலேயே மேலே ஏறுவதா, புதிய பாதை ஒன்றைத் திறப்பதா? பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இதைப் பற்றி வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் பேசுவார்கள். பிரான்சில் இருந்த காலத்தில் நானே பார்த்திருக்கிறேன்.

முதல் ஆட்டத்துக்குப் பெட்டியில் இருக்கும் முதல் சாகசத்தையே எடுங்கள். ஆனால் நீளமான முன்கதையை வாசிக்காதீர்கள். காரியம் நடந்துகொண்டிருக்கும் இடத்தில் பிள்ளைகளை இறக்கிவிடுங்கள். உதாரணத்துக்கு: பாலத்தின் நடுவில் ஒரு வண்டி. இரண்டு கோப்லான்கள், அதாவது குட்டிப் பூதங்கள், அதைச் சூறையாடிக்கொண்டிருக்கிறார்கள். கழுதை கத்துகிறது. உங்களை இன்னும் யாரும் பார்க்கவில்லை. என்ன செய்கிறீர்கள்?

இவ்வளவு சொல்லிவிட்டு நிறுத்திவிடுங்கள். கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டார்கள், நீங்கள் குறுக்கே பேசி அதை நிரப்ப வேண்டாம். திருடன் பாத்திரம் வைத்திருக்கும் பிள்ளை, பாலத்துக்கு அடியில் போய் மறுபக்கம் ஏறுகிறேன் என்பான். சரி, இலக்கு 10. பகடையில் 4 விழுகிறது, தாளில் இருக்கும் +3ஐச் சேர்த்தால் 7. இங்கேதான் நடத்துபவரின் திறமை இருக்கிறது. "முடியவில்லை" என்று மட்டும் சொன்னால் கதை அதே இடத்தில் நின்றுவிடும். அவன் பாலத்துக்கு அடியில் போய்விட்டான், ஆனால் காலடியில் ஒரு கல் சரிந்து தண்ணீரில் விழுந்தது, ஒரு கோப்லான் குனிந்து பார்க்கிறான் என்று சொல்லுங்கள். இப்போது மற்ற மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். தோற்ற பகடையும் கதையை நகர்த்த வேண்டும் என்பதை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டால் நீங்கள் நல்ல 'மேத்ர் த ஜே', அதாவது ஆட்டத்தை நடத்துபவர், ஆகிவிடுவீர்கள்.

உங்கள் பிரெஞ்சைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்த ஆட்டம் கிட்டத்தட்ட முழுக்க நிகழ்காலத்திலேயே நடக்கும். கதவைத் திறக்கிறேன், கயிற்றைப் பிடிக்கிறேன், அவன் ஓடுகிறான். நம்மைப் படுத்துகிற இறந்தகால வடிவங்களுக்கும், சுப்ஜோங்க்திஃப் என்கிற சிக்கலான வினைவடிவத்துக்கும் இங்கே அதிக வேலையில்லை. உருட்டு, கூட்டு, பட்டது, தவறியது என்று அதே இருபது முப்பது சொற்கள் திரும்பத் திரும்ப வரும். நால்வரையும் சேர்த்துக் கேட்கும்போது 'வூ' (நீங்கள்), ஒருவனை மட்டும் கேட்கும்போது 'த்யூ' (நீ). ஒரு சொல் கிடைக்காவிட்டால் பிள்ளைகளிடமே கேளுங்கள், போட்டி போட்டுக்கொண்டு சொல்லித்தருவார்கள். பிரெஞ்சில் முழு வாக்கியமாக நான் தயங்காமல் பேச ஆரம்பித்ததே இப்படி ஒரு மேசையில்தான். வகுப்பில் சரியாகச் சொல்ல வேண்டும் என்ற பயம் இருந்தது. இங்கே பாலத்தைக் கடக்கிற அவசரத்தில் அந்தப் பயத்துக்கு நேரம் கிடைக்கவில்லை. உச்சரிப்பைப் பற்றிக் கவலையே வேண்டாம். கோப்லான் தலைவன் உங்கள் உச்சரிப்பிலேயே பேசட்டும்.

இன்னும் இரண்டு விஷயங்கள். உயிர்ப்புள்ளி பூஜ்யத்துக்கு வந்தால் பாத்திரம் மயங்கி விழும், சாகாது என்று தொடக்கத்திலேயே நால்வரிடமும் சொல்லிவிடுங்கள். முதல் நாளிலேயே ஒரு பிள்ளையின் பாத்திரம் செத்துப்போனால் அவன் அடுத்த வாரம் வரமாட்டான். இரண்டாவது, ஆட்டத்தை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். இன்னும் வேண்டும் என்று கத்தும்போது தாள்களை வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

நாலைந்து புதன்கிழமைகள் போன பிறகு, ஊர் மெதியாதெக் எனப்படும் பொது நூலகத்திலோ பக்கத்துச் சங்கம் ஒன்றிலோ ஜே த ரோல் நடக்கிறதா என்று விசாரியுங்கள். 1901 சட்டப்படி பதிவான இந்த மாதிரிச் சிறு சங்கங்கள் பிரான்சில் நிறைய உண்டு. அங்கே ஒருநாள் நீங்களும் பாத்திரத் தாளோடு உட்கார்ந்து விளையாடிப் பாருங்கள். நடத்துகிறவர் எதிர்ப்பக்கமும் உட்கார்ந்து பார்ப்பது அவசியம். பையன் எந்தப் பாத்திரத்தை எடுத்தான், முதல் புள்ளிகளை எந்தப் பாதையில் போட்டான் என்று எழுதுங்கள்.