ரீச்சரிடம் கேளுங்கள்: வட்ஸ்அப்பில் முதியோர் பராமரிப்புப் பாடம்

கேள்வி: ரீச்சர், நான் ஒரு வைத்தியசாலையின் மருத்துவ விடுதியில் தாதிய உத்தியோகத்தர். விடுதி வட்ஸ்அப் குழுவில் முதியோர் பராமரிப்பைப் படிப்பிக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. ஆங்கிலக் கையேடுகளைப் போடுகிறேன். எல்லோரும் கைகூப்பும் படம் போடுகிறார்கள், ஒருவரும் வாசிப்பதாகத் தெரியவில்லை. என்ன செய்யலாம்?
*– வாசகி, வடமராட்சி*

பதில்: பிள்ளை, இரவு வேலை முடித்து பஸ்ஸுக்கு நிற்கிறவள் கைத்தொலைபேசியில் கையேடு வாசிக்க மாட்டாள். அவளில் பிழை இல்லை. கையேட்டை விட்டுவிட்டு, போன கிழமை உங்கள் விடுதியே திண்டாடிய ஒரு சங்கதியை எடுங்கள். நான் என்றால் டிலீரியத்தில், அதாவது நோயால் திடீரென்று வரும் மனக்குழப்பத்தில், தொடங்குவேன்.

நேற்றுவரை பேப்பர் வாசித்து, கனடாவில் இருக்கும் பேரனோடு வீடியோவில் கதைத்த ஐயா, திடீரென்று சேலைனைப் பிடுங்குகிறார், எப்போதோ செத்துப்போன தம்பியைக் கூப்பிடுகிறார். "அறளை பேந்திட்டுது" என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். அப்படி விடக் கூடாது. மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வருவது. இது மணிக்கணக்கில் வரும், காலையில் தெளிந்து இரவில் கூடும். பின்னால் சிறுநீர்த் தொற்று இருக்கலாம், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, உடம்பில் நீர் வற்றியது, சோடியம் இறங்கியது, புதிதாகத் தொடங்கிய குளிசை என்று எதுவும் இருக்கலாம். தடிமனுக்கும் கடிக்கும் சாதாரணமாகக் கொடுக்கிற குளோர்பெனிரமின்கூட வயதானவரைக் குழப்பிவிடும். சத்தம் போடுகிறவரையாவது கவனிக்கிறோம். சாப்பாட்டைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிற அம்மாவுக்கும் டிலீரியம் இருக்கலாம். கரைச்சல் தராத ஆள் என்பதால் ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு மிகவும் கவலை தருவது அந்த அம்மாதான்.

இதை எப்படிக் குழுவில் கொண்டுபோவது? திங்கட்கிழமை ஒரு கற்பனை நோயாளியின் கதையை உங்கள் குரலிலேயே பதிந்து போடுங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வீடியோவை விடக் குரலுக்கு டேட்டா குறைவு, சமைத்துக்கொண்டும் கேட்கலாம். கடைசியில் ஒரு கேள்வி: "இரவு 11 மணி, டொக்டர் வேறு விடுதியில். நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்?" வாக்கெடுப்பாகப் போட்டால் கூச்சப்படுகிறவர்களும் விரல் வைப்பார்கள். விடையை உடனே சொல்லிவிடாதீர்கள், இரண்டு நாள் யோசிக்கட்டும்.

அப்புறம் 4ஏடியை (4AT) சொல்லிக்கொடுங்கள். டிலீரியம் இருக்கிறதா என்று பார்க்க எடின்பரோவில் உருவாகி 2011இல் வெளிவந்த சோதனை. இலவசம், இரண்டு நிமிடம் போதும். ஆள் விழிப்பாக இருக்கிறாரா என்று பாருங்கள். வயது, பிறந்த திகதி, நிற்கும் இடம், இது எந்த வருடம் என்று கேளுங்கள். மாதங்களைப் பின்னுக்கு இருந்து சொல்லச் சொல்லுங்கள். ஐயா மார்கழி, கார்த்திகை, ஐப்பசி என்று போனாலும் சரிதான். கடைசியாக, இந்த மாற்றம் திடீரென்று வந்ததா, கூடிக் குறைகிறதா என்று அறியுங்கள். அதற்குக் கட்டிலடியில் நிற்கும் மகளைக் கேட்டாலே போதும்: "அப்பா போன கிழமையும் இப்படித்தானா?" திடீர் மாற்றம் ஒன்றுக்கே 4 புள்ளி. மொத்தம் 4 அல்லது மேல் என்றால் டிலீரியமாக இருக்கலாம், டொக்டருக்குச் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை, "இந்தக் கிழமை இதை யாரிடமாவது கேட்டுப் பார்த்தீர்களா? என்ன நடந்தது?" என்று கேளுங்கள். நோயாளியின் பெயரோ கட்டில் இலக்கமோ வரக்கூடாது. மூன்று கிழமை கழித்து அதே விஷயத்தை வேறு கதையாக்கித் திரும்பக் கேளுங்கள். கேட்டது மறக்கும், யோசித்து எடுத்துச் சொன்னது நிற்கும்.

ஒன்றை நான் வற்புறுத்திச் சொல்வேன்: சிற்றூழியர்களையும் குழுவில் சேருங்கள். கஞ்சி பருக்குகிறவரும் உடம்பு துடைக்கிறவரும் அவர்கள்தான். மாற்றம் முதலில் அவர்கள் கண்ணில்தான் படும். பிரித்தானியாவின் முதியோர் மருத்துவர்கள் தொடங்கிய 'எம்டிடீ' (MDTea) ஒலிப்பதிவுத் தொடர், ஒவ்வொரு தலைப்பையும் தாதி, இயன்மருத்துவர், டொக்டர் எல்லோருக்கும் பொதுவாகத்தான் எடுத்துக்கொள்கிறது. நேரம் கிடைத்தால் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ரீச்சர், பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில் உள்ள ஒரு அம்மம்மாவைச் சம்பளத்துக்கு நின்று பார்க்கிறேன். பயிற்சி இல்லை, யூரியூப் பார்த்துத்தான் பழகுகிறேன். இடுப்பில் சிவந்திருக்கிறது. ஸ்பிரிட் போட்டுத் தேய்க்கச் சொல்லுகிறது ஒரு வீடியோ. செய்யலாமா?
*– வாசகி, நல்லூர்*

பதில்: வேண்டாம், தங்கச்சி. தேய்த்தால் உள்ளே நொந்திருக்கும் தசை இன்னும் கெடும். நடுவில் ஓட்டை உள்ள வட்ட மெத்தையும் வேண்டாம். அந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளிறாமல் சிவப்பு அப்படியே நின்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. எங்கள் கறுத்தத் தோலில் சிவப்பு வடிவாகத் தெரியாது. சூடு, கட்டித்தன்மை, பக்கத்துத் தோலைவிட நிறமாற்றம் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து 30 பாகையளவு சரித்தால் போதும். கெண்டைக்காலின் கீழ் தலையணை வைத்துக் குதிக்காலை மெத்தையில் முட்டாமல் தூக்கிவிடுங்கள். தோல் உரிந்திருந்தால் இன்றே டொக்டரிடம் காட்டுங்கள்.

வீடியோ பார்ப்பதை விடாதீர்கள். பேசுகிறவர் யார், எங்கே வேலை செய்கிறார், எப்போது போட்டது என்று பாருங்கள். முடிவில் எண்ணெயோ பவுடரோ விற்றால் மூடிவிடுங்கள். பிள்ளைகள் அழைக்கும்போது அம்மாவுக்குக் காற்று மெத்தை தேவை என்று தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: ஆலோசனை கேட்பதற்கு, நோயாளியின் புண்ணைப் படமெடுத்துக் குழுவில் போடலாமா? முகம் தெரியாது.
*– வாசகர், தென்மராட்சி*

பதில்: போடாதீர்கள், தம்பி. முகம் இல்லாவிட்டாலும் ஊருக்குள் ஆளைப் பிடித்துவிடுவார்கள். இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகையாகவே கணிக்கிறது. புண்ணின் நீளம், அகலம், ஆழத்தை அளந்து, நிறத்தையும் மணத்தையும் குறித்துக்கொண்டு, பார்க்கும் டொக்டரை நேரே அழைத்துக் கதையுங்கள். ஏற்கெனவே போட்டிருந்தால், நீங்கள் அழித்தது காணாது. வட்ஸ்அப் படங்கள் பல கைத்தொலைபேசிகளில் தானாகவே சேமிக்கப்பட்டுவிடும். அவரவர் படத்தொகுப்பிலிருந்தும் அழிக்கச் சொல்லி இன்றைக்கே ஒரு செய்தி போடுங்கள்.