கணினியை எழுதிவைத்து நடத்த முடியுமா? நிக்ஸ்ஓஎஸ்ஸோடு நாலு வருடம்

கேள்வி: லினக்ஸ் கணினியின் அமைப்புகள் அத்தனையையும் கோப்பில் எழுதிவைத்து, அதிலிருந்தே கணினியை உருவாக்கிக்கொள்ளலாம் என்கிறார்களே, சொந்தக் கணினிக்கு அது சரிப்படுமா? எப்படிப் பராமரிப்பது?

சரிப்படும். இப்படி நடக்கும் லினக்ஸ் வகை ஒன்றுதான் நிக்ஸ்ஓஎஸ்; நாலு வருடமாக அதில்தான் இருக்கிறேன். என் மடிக்கணினியும் ஊரில் அப்பாவின் மேசைக்கணினியும் ஒரே கிட் களஞ்சியத்திலிருந்துதான் ஓடுகின்றன (கிட் என்பது கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி). ஆனால் முதல் ஆறு மாதம் பட்ட பாட்டையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன் உபுண்டு வைத்திருந்தேன். புதிதாக நிறுவும் ஒவ்வொரு முறையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி. தமிழ்99 விசைப்பலகை வரவேண்டும், எழுத்துரு உடையாமல் தெரியவேண்டும், காப்புப் பிரதி தானாக ஓடவேண்டும். எதை எப்படிச் செய்தேன் என்று ஒரு நோட்டில் குறித்துவைத்தேன். மூன்றே மாதத்தில் நோட்டில் இருப்பது ஒன்று, கணினியில் இருப்பது வேறொன்று என்று ஆகிவிட்டது. கணினி அமைப்பைத் தானாகச் செய்துதரும் அன்சிபிள் என்ற கருவியையும் முயன்றேன். அதில் ஒரு மென்பொருளின் பெயரைப் பட்டியலில் சேர்த்தால் நிறுவிவிடும். வரியை அழித்தால் மென்பொருள் போகாது, நீக்கு என்று தனியாகச் சொல்லவேண்டும். நிக்ஸ்ஓஎஸ்ஸில் வரியை அழித்துவிட்டு மறுபடி கட்டினால் அது அமைப்பிலிருந்து போய்விடும். என்னை இழுத்தது இதுதான்.

உள்ளே நடப்பது எளிமையானது. அடியில் இருப்பது நிக்ஸ் என்ற மென்பொருள் நிறுவும் கருவி. ஒவ்வொரு மென்பொருளும் நிக்ஸ் ஸ்டோர் என்ற இடத்தில் தனி அடைவில் உட்காரும். அடைவின் பெயருக்கு முன்னால் 32 எழுத்து ஹேஷ், அதாவது அடையாளக் குறியீடு ஒன்று இருக்கும். மென்பொருள் எவற்றிலிருந்து கட்டப்பட்டதோ அவற்றைக் கொண்டு கணக்கிட்டது. ஒரே நூலகத்தின் இரண்டு பதிப்புகள் சண்டையில்லாமல் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம். உங்கள் முழு அமைப்பும் அப்படி ஓர் அடைவுதான். ரீபில்ட், அதாவது கோப்பிலிருந்து அமைப்பை மறுபடி கட்டும் கட்டளையைக் கொடுக்கும்போது புது அடைவு ஒன்று உருவாகி, சுட்டி அதற்கு மாறும். பழையது அழியாது, ‘ஜெனரேஷன்’ என்ற பெயரில், கணினி தொடங்கும்போது வரும் பூட் பட்டியலில் காத்திருக்கும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஏல்கோ டோல்ஸ்ட்ரா 2003 வாக்கில் தொடங்கியது இந்த நிக்ஸ். 2006-இல் இதுவே அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடு.

இதனால் என்ன லாபம் என்பது எனக்கு ஒரு ராத்திரி பத்தரை மணிக்குத்தான் விளங்கியது. அன்று மாலை இங்கிருந்தே எஸ்எஸ்எச் வழியாக அப்பாவின் கணினியைப் புதுப்பித்திருந்தேன். இயங்குதளத்தின் மையமான கெர்னலும் மாறியிருந்தது. அவர் அணைத்துவிட்டுப் போட்டிருக்கிறார்.

“டேய், திரை கறுப்பா நிக்குதுடா.”

“அப்பா, சுவிட்சை அணைச்சுட்டு மறுபடி போடுங்க. ஒரு பட்டியல் வரும். அஞ்சு செகண்டுதான் நிக்கும், அதுக்குள்ள கீழ் அம்பை ஒரு தடவை அழுத்துங்க.”

“ரெண்டாவது வரிக்கு வந்துருச்சு.”

“என்டர் தட்டுங்க.”

அரை நிமிடம் சத்தமில்லை. அப்புறம், “ம், வந்துருச்சு. என்னடா பண்ணுன?” என்றார். நான் ஒன்றும் பண்ணவில்லை. முந்தைய ஜெனரேஷன் அப்படியே இருந்தது. ஒன்றை மட்டும் கவனிக்கவேண்டும்: பட்டியலில் பழையதைத் தேர்ந்தெடுப்பது அந்த ஒரு தடவைக்குத்தான். அடுத்த முறை மறுபடி புதியதுதான் முதலில் வரும். ரீபில்ட் கட்டளையில் ரோல்பேக் கொடுத்து நிலைப்படுத்தினால்தான் தூங்கப் போகலாம்.

தொலைவில் இருக்கும் கணினிக்கு இப்போதெல்லாம் ரீபில்ட் கட்டளையில், புது அமைப்புக்கு நிரந்தரமாக மாற்றும் ‘ஸ்விட்ச்’ கொடுப்பதற்கு முன் ‘டெஸ்ட்’ கொடுக்கிறேன். அது புது அமைப்பை இயக்கிப் பார்க்கும், பூட் பட்டியலில் சேர்க்காது. ஏதாவது சிக்கினால் அணைத்துப் போட்டாலே பழையது வந்துவிடும். கெர்னல் மாற்றம் மட்டும் இதில் அகப்படாது, அதற்கு மறுதொடக்கம்தான் வழி. ஆகவே கெர்னல் மாறும் புதுப்பித்தலை ஊருக்குப் போகும் நாளில் வைத்துக்கொள்கிறேன்.

சரி, எப்படி ஆரம்பிப்பது? நான் ஆரம்பித்த மாதிரி வேண்டாம். யாரோ ஒருவர் கிட்ஹப்பில் போட்டிருந்த அழகான களஞ்சியத்தை அப்படியே எடுத்தேன். நாற்பது கோப்பு, ஏழெட்டு அடைவு. திரை அட்டகாசமாக இருந்தது. ஒலி அளவைக் கூட்டும் விசையை மாற்ற ஒரு மாலைப்பொழுது ஆனது, எந்தக் கோப்பு எதைக் கூப்பிடுகிறது என்றே தெரியவில்லை. இரண்டு வாரத்தில் மொத்தத்தையும் தூக்கிப்போட்டேன். நிறுவும்போது நிக்ஸ்ஓஎஸ் தானாக இரண்டு கோப்பு தரும்: வன்பொருள் விவரத்துக்கு ஒன்று, மற்ற எல்லாவற்றுக்கும் கான்ஃபிகரேஷன்.நிக்ஸ். முதலாவதைத் தொடாமல், இரண்டாவதில் மட்டும் எழுதி மூன்று மாதம் ஓட்டுங்கள். கோப்பு 300 வரியைத் தாண்டி, தேடுவதற்கு எரிச்சல் வரும்போது பிரித்துக்கொள்ளலாம். என்னுடையது இப்போது ஆறு கோப்பு: இரண்டு கணினிக்கும் பொதுவானது, தமிழுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டிரண்டு.

தமிழுக்கென்று தனிக் கோப்பு வைத்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். நோட்டோ, லோகித் எழுத்துருக்கள், தமிழில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ், அதற்கான எம்17என் பொதி, இந்திய நேரம், எல்லாம் சேர்த்து முப்பது வரிகூட வராது. முன்பு ஞாயிற்றுக்கிழமையைத் தின்ற வேலை. போன வருடம் என் மடிக்கணினியின் எஸ்எஸ்டி சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போனது. புதியதைப் போட்டு, நிறுவி, களஞ்சியத்தை இறக்கி ரீபில்ட் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் தமிழ்99 தட்டுகிறது. ஆவணங்களும் படங்களும் காப்புப் பிரதியிலிருந்துதான் வந்தன; அவற்றை நிக்ஸ் கவனித்துக்கொள்ளும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

நிக்ஸ் கோப்புகளைத் தொகுத்துப் பதிப்புகளைப் பூட்டிவைக்கும் முறையான ஃப்ளேக் வேண்டுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 2021-இல் நிக்ஸ் 2.4-உடன் வந்தது, இன்னும் ‘சோதனை நிலை’ என்ற முத்திரையோடுதான் இருக்கிறது, ஆனாலும் நிறையப் பேர் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். எந்தப் பொதித் தொகுப்பின் எந்தப் பதிப்பு என்பதை ஒரு பூட்டுக் கோப்பில் துல்லியமாகப் பதிந்துவிடும். இரண்டு கணினி இருந்தால் நிச்சயம் உதவும். ஒன்றுதான் என்றால் அவசரமில்லை. இதில் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. புதுக் கோப்பை எழுதுவீர்கள், சேமிப்பீர்கள், ரீபில்ட் கொடுத்தால் அப்படி ஒரு கோப்பே இல்லை என்று வரும். கோப்பு கண்ணெதிரே இருக்கும். நான் பெயரை நாலு முறை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். விஷயம் என்னவென்றால், கிட் களஞ்சியத்துக்குள் ஃப்ளேக் இருந்தால் கிட்டுக்குத் தெரிந்த கோப்பு மட்டுமே நிக்ஸ் கண்ணில் படும். கோப்பைக் கிட்டுக்கு அறிமுகப்படுத்தும் ‘கிட் ஆட்’ கொடுத்தால் போதும், மாற்றத்தைப் பதிவு செய்யும் ‘கமிட்’கூட வேண்டாம். அண்மைய பதிப்புகள் இதைப் பிழைச்செய்தியிலேயே சொல்லிவிடுகின்றன, புண்ணியமாகப் போகட்டும்.

பராமரிப்பு என்று பார்த்தால் இரண்டு வேலைதான் திரும்பத் திரும்ப வரும். முதலாவது, இடம். பழைய ஜெனரேஷன்கள் சேரச் சேர ஸ்டோர் வீங்கும். இரண்டு வாரத்துக்கு மேற்பட்டவற்றை வாராவாரம் கழிக்கும்படி கோப்பிலேயே எழுதிவைத்திருக்கிறேன். ஆனால் எனக்கு முதலில் நிரம்பியது, கணினி தொடங்கத் தேவையான கோப்புகள் இருக்கும் வட்டுப் பகுதியான பூட் பிரிவு. கணினியோடு வந்த விண்டோஸ் 100 எம்பி அளவில் போட்டுவைத்த பிரிவு அது. அதில் நாலைந்து கெர்னல் சேர்ந்ததும் இடமில்லை என்று ரீபில்ட் பாதியில் நின்றது. புதிதாக நிறுவுகிறீர்கள் என்றால் அந்தப் பிரிவுக்கு 1 ஜிபி கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, பதிப்பு மாற்றம். ஆண்டுக்கு இரண்டு, மே மாதமும் நவம்பர் மாதமும். ஒவ்வொன்றுக்கும் ஏழு மாதம்தான் ஆதரவு, ஆகவே தள்ளிப்போட முடியாது. அமைப்புகளின் பெயர்கள் இடையிடையே மாறும்: 23.11-இல் எழுத்துருப் பட்டியலின் பெயர் மாறியது, 24.11-இல் உள்ளீட்டு முறையைத் தேர்ந்தெடுக்கும் விதம் மாறியது. கணினியில் கைவைப்பதற்கு முன்பே எது எப்படி மாறியது என்று பெரும்பாலும் எச்சரித்துவிடும். அந்த ஜோரில் ‘ஸ்டேட்வெர்ஷன்’ என்ற வரியையும் புது எண்ணுக்கு மாற்றிவிடாதீர்கள். அது நீங்கள் முதலில் நிறுவிய பதிப்பைக் குறிப்பது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் போன்றவை எந்தப் பதிப்பின் தரவு வடிவத்தில் ஓடவேண்டும் என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கின்றன. எழுதிய எண் எழுதியபடி இருக்கட்டும்.

கடவுச்சொல்லை மட்டும் இந்தக் கோப்புகளில் எழுதவே எழுதாதீர்கள். களஞ்சியத்தை யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தாலும், ஸ்டோரில் இருப்பதை அந்தக் கணினியின் எந்தப் பயனரும் படிக்கலாம். சாப்ஸ்-நிக்ஸ், ஏஜ்நிக்ஸ் என்று குறியாக்கம் செய்துவைக்கும் வழிகள் உண்டு. நான் அதுவரைகூடப் போகவில்லை. வைஃபை கடவுச்சொல்லை நெட்வொர்க் மேனேஜரில் கையால் போட்டுவிட்டேன். எல்லாவற்றையும் எழுதியே தீரவேண்டும் என்று யாரும் வழக்குப் போடப் போவதில்லை. பயனரின் சொந்த அமைப்புகளை இதே போல் எழுதிவைக்கும் ஹோம் மேனேஜரையும் ஷெல் (கட்டளை தட்டும் இடம்), கிட், எடிட்டர் மூன்றுக்கு மட்டும்தான் வைத்திருக்கிறேன். உலாவியின் ஒவ்வொரு பொத்தானையும் அதில் எழுதப் போய், ஒரு மாதம் வேறு வேலையே நடக்கவில்லை.

எரிச்சல் தரும் இடம் எது என்றால், இணையத்திலிருந்து இறக்கிய நிரலை அப்படியே ஓட்டுவது. மற்ற லினக்ஸ்களில் நூலகங்கள் இருக்கும் வழக்கமான இடங்கள் இதில் காலியாக இருக்கும். கோப்பு இருக்கும், அனுமதி இருக்கும், ஓட்டினால் அப்படி ஒரு கோப்பு இல்லை என்று வரும். பைத்தான் மொழியில் பிப் என்ற நிறுவி வழியாக வரும் சில பொதிகளும் இப்படியே முரண்டு பிடிக்கும். இத்தகைய நிரல்களுக்கு நூலகங்களைக் காட்டிக்கொடுக்கும் நிக்ஸ்-எல்டி என்பதை இயக்கிவைத்தால் முக்கால்வாசி சரியாகும். மிச்சத்துக்கு நான் கன்டெய்னரில், அதாவது கணினிக்குள்ளேயே தனியாகப் பிரித்த ஒரு சூழலில், ஓர் உபுண்டு வைத்திருக்கிறேன். அலுவலக வேலைக்கு இப்படிப்பட்ட கருவிகளை தினமும் ஓட்டவேண்டியிருந்தால் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

கணினியை உடனே மாற்ற மனமில்லையென்றால், இருக்கிற உபுண்டு அல்லது டெபியனிலேயே நிக்ஸை மட்டும் நிறுவலாம், ஹோம் மேனேஜரும் அங்கேயே ஓடும். கிட் அமைப்பையும் ஷெல் அமைப்பையும் முதலில் அதற்குக் கொண்டுவாருங்கள். ஏற்கெனவே அந்த இடத்தில் கோப்பு இருந்தால் மேலெழுத மாட்டேன் என்று நின்றுவிடும். பழையதைப் பெயர் மாற்றி ஓரமாக வைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இந்தக் கோப்புகளை எழுதும் நிக்ஸ் மொழி ஒரு மாதத்தில் கைக்கு வந்தால் மீதியைப் பார்க்கலாம், வராவிட்டால் நீக்கிவிடலாம், உபுண்டுக்கு ஒன்றும் ஆகாது.