சுங்கை சிப்புட்டில் கேட்ட கேள்விகள்: பனிப்போரும் நம் வெளியுறவுக் கொள்கையும்

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் மாதம் ஒருமுறை கூடும் வாசகர்கள் சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகளும், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் அவற்றுக்குத் தந்த பதில்களும்.

எஸ்.டி.பி.எம். மாணவி: சார், பனிப்போர் என்றாலே பெர்லின், கியூபா என்றுதான் படிக்கிறோம். அதற்கும் நம் ஊருக்கும் என்ன தொடர்பு?

நம் ஊரிலிருந்தே தொடங்கலாம்மா. 1948 ஜூன் 16ஆம் தேதி காலையில் எல்ஃபில் தோட்டத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரையையும், ஃபின் சூன் தோட்டத்தில் இருவரையும் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். அன்றே பேராக்கின் சில பகுதிகளில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. இரண்டே நாளில் அது மலாயா முழுவதற்கும் வந்துவிட்டது. ஜூன் 24ஆம் தேதி ஸ்டாலின் பெர்லினுக்குப் போகும் பாதைகளை அடைத்தார். இரண்டுக்கும் நடுவில் எட்டு நாள்தான்.

இதை வைத்து 'மாஸ்கோ உத்தரவிட்டது, சுங்கை சிப்புட்டில் வெடித்தது' என்று எழுதிவிடாதே. கூலித் தகராறு, தொழிற்சங்கங்கள் மீது வந்த நெருக்கடி என்று உள்ளூரிலேயே காரணம் நிறைய இருந்தது. ஆனால் லண்டன் அதைப் பனிப்போரின் ஒரு முனையாகத்தான் பார்த்தது. போரில் நொடித்துப்போன பிரிட்டனுக்கு டாலர் தேவைப்பட்டது. அந்த டாலரை அதிகம் சம்பாதித்துக் கொடுத்தவை மலாயாவின் ரப்பரும் ஈயமும். காட்டில் நடந்த சண்டை, பிரிட்டனின் பணப்பெட்டியைக் காக்கும் சண்டையுமாக இருந்தது.

தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர்: கொரியா சண்டை நேரத்தில் ரப்பர் பால் விலை மளமளவென்று ஏறியதாக அப்பா சொல்வார். உண்மையா?

உண்மைதான் ஐயா. 1949இல் ஒரு பவுண்டு ரப்பரின் சராசரி விலை ஏறக்குறைய 38 காசு. 1951இல் அந்தச் சராசரி 1 வெள்ளி 69 காசு அளவுக்குப் போனது. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் 2 வெள்ளியையும் தாண்டியது. அமெரிக்கா போருக்காக ரப்பரை வாங்கிக் குவித்ததுதான் காரணம்.

வாங்கிக் குவித்தவனே பிறகு கையிருப்பைச் சந்தையில் இறக்கினால் விலை விழும். பின்னாளில் அமெரிக்கா ரப்பரையும் ஈயத்தையும் கிடங்கிலிருந்து விற்றபோதெல்லாம் கோலாலம்பூர் பதறியது இதனால்தான். கம்யூனிசத்தை எதிர்ப்பதில் அமெரிக்காவோடு ஒன்றாக நின்ற அரசு, ரப்பர் விலை என்று வந்தால் அதே அமெரிக்காவிடம் முறையிட வேண்டியிருந்தது.

இன்னொன்றும் உண்டு. 1951 மே மாதம் ஐ.நா. பொதுச்சபை, சீனாவுக்குப் போர்த்தேவைப் பொருள்களை விற்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது. மலாயா ரப்பர் சீனாவுக்குப் போவது நின்றது. அப்போது இலங்கை ஐ.நா.வில் உறுப்பினராக இல்லை. 1952இல் ரப்பர் கொடுத்து அரிசி வாங்க அது சீனாவோடு ஒப்பந்தமே போட்டது. நமக்கு 1956இல்தான் அந்தக் கதவு திறந்தது. சொந்த வெளியுறவுக் கொள்கை இல்லாத நாடு தன் சரக்கை யாருக்கு விற்பது என்றுகூட முடிவெடுக்க முடியாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் 1957க்குப் பிறகு நடந்தது விளங்கும்.

டியூஷன் ஆசிரியை: கம்யூனிசத்தை அவ்வளவு எதிர்த்த நம் முதல் பிரதமர் துங்கு, அமெரிக்கா முன்னின்ற சியாட்டோ தற்காப்புக் கூட்டணியில் ஏன் சேரவில்லை? பிள்ளைகள் 'நடுநிலை' என்று எழுதுகிறார்கள்.

அங்கேதான் மதிப்பெண் போகிறது டீச்சர். துங்கு நடுநிலையாளர் அல்லர். அவருடைய மலாயா மேற்குப் பக்கம் சாய்ந்த நாடு.

சியாட்டோ 1954இல் மணிலாவில் உருவானது. உறுப்பினர்கள் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பாகிஸ்தான், தாய்லாந்து, பிலிப்பைன்ஸ். பக்கத்து வீடான இந்தோனேசியாவும், அந்தப் பக்கம் இந்தியாவும் அதை வெறுத்தன. உள்நாட்டிலும் எதிர்ப்பு இருந்தது. புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாடு வெள்ளைக்காரர் கூட்டணியில் போய் உட்கார்ந்தால் மக்கள் ஏற்க மாட்டார்கள்.

ஆனால் பாதுகாப்பு வேண்டுமே! அதற்காக 1957 அக்டோபர் 12ஆம் தேதி பிரிட்டனோடு மட்டும் தற்காப்பு ஒப்பந்தம் போட்டார்கள். அந்த ஒப்பந்தத்தின் வாசகத்தை நுணுக்கிப் படிக்க வேண்டும். மலாயாவையோ, தூரகிழக்கில் உள்ள பிரிட்டிஷ் பகுதிகளையோ யாராவது தாக்கினால் இருவரும் சேர்ந்து நடவடிக்கை எடுப்பார்கள். அதற்கு அப்பாற்பட்ட சண்டைக்கு மலாயாவில் உள்ள தளத்தைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் மலாயாவின் ஒப்புதல் வேண்டும். அதாவது பிரிட்டன் தன் இஷ்டத்துக்கு இங்கிருந்தே சியாட்டோ சண்டைக்குக் கிளம்ப முடியாது.

ஓட்டை எங்கே? சிங்கப்பூர் அப்போது பிரிட்டன் கையில் இருந்தது. இங்குள்ள படையை முதலில் சிங்கப்பூருக்கு நகர்த்தி, அங்கிருந்து அனுப்பலாம். இது துங்குவுக்கும் தெரியும். சியாட்டோவில் பெயர் இல்லை, சியாட்டோ நாடுகளின் படை மட்டும் நாட்டுக்குள் இருந்தது. 'சேரவில்லை' என்பதை எழுதும் மாணவர் இந்த ஓட்டையையும் சேர்த்து எழுதினால்தான் விடை முழுமையாகும்.

கோயில் நிர்வாகத்தில் உள்ள பெரியவர்: நேருவின் அணிசேராக் கொள்கை நம்மைப் பாதிக்கவில்லையா?

மக்களிடம் மரியாதை இருந்தது ஐயா. அரசு அந்த வழியில் போகவில்லை. 1959இல் திபெத் குறித்த தீர்மானத்தை ஐ.நா.வில் கொண்டுவந்தவை மலாயாவும் அயர்லாந்தும். இந்தியா அதில் வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றது. 1962இல் சீனா இந்தியாவைத் தாக்கியபோது துங்கு வெளிப்படையாக இந்தியா பக்கம் நின்று, நிதி திரட்டவும் ஏற்பாடு செய்தார். நம் மக்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அவர் உதவியது நேருவின் கொள்கைக்காக இல்லை, சீனா கம்யூனிஸ்ட் நாடு என்பதற்காக.

தொழிற்சங்கப் பொறுப்பாளர்: சங்கங்களுக்குள்ளும் இந்தப் பனிப்போர்ப் பிளவு வந்ததா?

வந்தது. இடதுசாரி அமைப்பான அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதே ஆண்டு உலகத் தொழிற்சங்க இயக்கமே இரண்டாக உடைந்தது. மேற்குச் சார்பில் புதிய அனைத்துலகச் சம்மேளனம் பிறந்தது. 1954இல் நம் தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. அதன் பொதுச் செயலாளர் பி.பி. நாராயணன் பின்னாளில் அந்த மேற்குச் சார்புச் சம்மேளனத்துக்கே தலைவரானார். கணபதியின் வழி தூக்குமேடையில் முடிந்தது, நாராயணன் வழி தங்கியது. எந்தச் சங்கம் வாழலாம் என்பதை உறுப்பினர்கள் மட்டும் தீர்மானிக்கவில்லை.

மாணவர்: அப்படியென்றால் மாற்றம் எப்போது வந்தது?

இரண்டு அடிகள் விழுந்தன தம்பி.

முதல் அடி, மலேசியா உருவானதை எதிர்த்து இந்தோனேசியா நடத்திய மோதல். 1964 ஆகஸ்டில் ஜொகூரின் பொந்தியானில் கடல்வழியாக அதன் ஆள்கள் இறங்கினார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் லாபிஸ் பக்கம் வான்குடையில் இறங்கினார்கள். மலேசியா ஐ.நா. பாதுகாப்பு மன்றத்துக்குப் போனது. நார்வே கொண்டுவந்த தீர்மானத்துக்கு 9 பேர் ஆதரவு, 2 பேர் எதிர்ப்பு. எதிர்த்தவர்களில் ஒருவர் சோவியத். அதன் வெட்டுவாக்கால் (வீட்டோ) தீர்மானம் செத்தது. அடுத்த மாதம் கெய்ரோவில் அணிசேரா நாடுகள் கூடியபோது நமக்கு இடமே கிடைக்கவில்லை. மேற்கு நாடுகளின் படை நம் எல்லையைக் காத்தது. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளிடையே நமக்காகப் பேச ஆள் குறைவு. இந்தப் பாடம் கோலாலம்பூரை உலுக்கியது. மூன்று ஆண்டுகூட ஆகவில்லை, 1967 ஏப்ரலில் அதே சோவியத்தோடு தூதரக உறவு ஏற்பட்டது. சோவியத் நம் ரப்பரை நிறைய வாங்கும் நாடு என்பதும் அதில் சேர்ந்தது.

இரண்டாவது அடி 1968 ஜனவரி. சூயஸுக்குக் கிழக்கே உள்ள படையை 1971 முடிவுக்குள் திரும்ப அழைப்பதாக பிரிட்டன் அறிவித்தது. 1969 ஜூலையில் குவாமில் அமெரிக்க அதிபர் நிக்சன், ஆசிய நாடுகள் தங்கள் பாதுகாப்பைத் தாங்களே முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். குடை பிடித்தவர்கள் இருவருமே குடையை மடக்கினார்கள்.

அதே மாணவி: நடுநிலை, அணிசேராமை, நடுநிலைப்படுத்தல். மூன்றும் ஒன்றா சார்?

இல்லைம்மா. நடுநிலை என்பது போரில் எந்தப் பக்கமும் சேராத சட்டநிலை. அணிசேராமை, எந்த வல்லரசுக் கூட்டணியிலும் சேராமல் ஒவ்வொரு பிரச்சினையிலும் சொந்தமாக முடிவெடுப்பது. 1970 செப்டம்பரில் லுசாகா மாநாட்டில் மலேசியா அந்த இயக்கத்தில் அமர்ந்தது. நடுநிலைப்படுத்தல் வேறு. அமெரிக்கா, சோவியத், சீனா மூன்றும் சேர்ந்து 'இந்த வட்டாரத்தில் நாங்கள் மோத மாட்டோம்' என்று உத்தரவாதம் தர வேண்டும். துன் டாக்டர் இஸ்மாயில் 1968இல் நாடாளுமன்றத்தில் சொன்ன யோசனை அது. இரண்டாவது பிரதமர் துன் ரசாக் அதை நாட்டின் கொள்கையாக்கினார்.

1971 நவம்பர் 27ஆம் தேதி ஆசியானின் ஐந்து நாடுகளும் சேர்ந்து வெளியிட்ட கோலாலம்பூர் பிரகடனம் வந்தபோது அந்த உத்தரவாதம் அதில் இல்லை. 'அமைதி, சுதந்திரம், நடுநிலை மண்டலம்' என்ற குறிக்கோள்தான் நின்றது. பிலிப்பைன்ஸில் அமெரிக்கத் தளம் இருந்தது, தாய்லாந்திலும் இருந்தது. வல்லரசுகள் இங்கேயே இருக்கட்டும் என்றது சிங்கப்பூர். வட்டாரத்துக்கு வல்லரசுகள் காவல் நிற்பதை இந்தோனேசியா விரும்பவில்லை. ஐவரும் கையெழுத்திடும் அளவுக்கு வாசகம் தளர்ந்தது.

அந்த மாதத்தையே கவனி. நவம்பர் 1ஆம் தேதி பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிங்கப்பூரோடு ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. தாக்குதல் வந்தால் உடனே கலந்து பேச வேண்டும் என்பதுதான் அதில் கடமை. பழைய ஒப்பந்தம்போல் 'சேர்ந்து போரிடுவோம்' என்று இல்லை. ஒரே மாதத்தில் நடுநிலை மண்டலமும் வந்தது, மேற்கு நாடுகளோடு தற்காப்பு ஏற்பாடும் வந்தது. தேர்வில் இதை 'முரண்பாடு' என்று ஒரு சொல்லில் தள்ளிவிடாதே. உத்தரவாதம் கைக்கு வரும்வரை பழைய காவலை முழுதாக விட ரசாக் தயாராக இல்லை என்று எழுது.

மளிகைக் கடைக்காரர்: 1974இல் சீனாவோடு உறவு வைத்ததும் காட்டில் இருந்தவர்கள் ஓய்ந்துவிட்டார்களா?

ஓயவில்லை அண்ணே. மே 31ஆம் தேதி பெய்ஜிங்கில் ரசாக்கும் சீனப் பிரதமர் சூ என்லாயும் கையெழுத்திட்டார்கள். ஆசியான் நாடுகளில் சீனாவோடு முதலில் உறவு ஏற்படுத்தியது மலேசியாதான். கூட்டறிக்கையில் கெட்டியான லாபம் ஒன்று உண்டு. இரட்டைக் குடியுரிமையைச் சீனா ஏற்காது. மலேசியக் குடியுரிமை பெற்ற சீனர் சீனக் குடிமகன் அல்லர். 'இங்குள்ள சீனர் யாருக்கு விசுவாசம்' என்ற பழைய சந்தேகத்துக்கு அது அரசாங்க அளவில் பதில் சொன்னது.

மலாயா கம்யூனிஸ்ட் கட்சி விஷயத்தில் சீனா, அரசுக்கும் அரசுக்கும் உள்ள உறவு வேறு, கட்சிக்கும் கட்சிக்கும் உள்ள உறவு வேறு என்று பிரித்துக்கொண்டது. அந்தக் கட்சியின் வானொலி சீன மண்ணிலிருந்து 1981 வரை ஒலித்தது. ஆயுதம் கீழே வந்தது 1989 டிசம்பர் 2ஆம் தேதி, தாய்லாந்தின் ஹாட்யாயில். அதே நாளில் மால்டாவில் அமெரிக்க அதிபர் புஷ்ஷும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் சந்தித்துக்கொண்டிருந்தார்கள்.

சீட்டில் பெயர் இல்லை: நெகிரி செம்பிலானில் ஒரு ஃபெல்டா நிலக் குடியேற்றத்துக்கு ஏன் அமெரிக்க அதிபர் பெயர்?

லிண்டன் ஜான்சன் 1966 அக்டோபர் இறுதியில் மலேசியாவுக்கு வந்தார். வியட்நாம் போர் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்த நேரம். லாபு பக்கம் உள்ள அந்தக் குடியேற்றத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். இன்றைக்கும் அது ஃபெல்டா எல்.பி. ஜான்சன்தான்.