டயரை முதலில் தேடுங்கள், வீல் அப்புறம்

கேள்வி: அண்ணாச்சி, என் மாமா லண்டனிலிருந்து ஊர் திரும்பியபோது கொண்டுவந்த 1991 மாஸ்டா எம்எக்ஸ்-5 இப்போது என் கையில் இருக்கிறது. துணிக்கூரை மடக்குகிற ரெண்டு சீட் வண்டி. பத்து வருஷம் ஷெட்டில் நின்றதில் நாலு டயரும் வெடிப்பு விட்டுவிட்டன, 14 இன்ச் அலாயில் இரண்டு நெளிந்து கிடக்கின்றன. திருவனந்தபுரத்தில் ஒரு கடையில் 17×7.5, ஆஃப்செட் 25 என்று ஒரு செட் காட்டி, "உங்க வண்டிக்கும் 4×100தான், அப்படியே ஏறும்" என்கிறார்கள். வாங்கலாமா? ஓட்டப்போவது பெரும்பாலும் புனலூர் சாலையில்தான்.
- வாசகர், செங்கோட்டை

பதில்: ஏறும். நாலு நட்டையும் பூட்டிவிடலாம். ஆனாலும் வாங்காதீர்கள்.

4×100 என்றால் நாலு ஓட்டை, அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 100 மி.மீ., அவ்வளவுதான். மாருதி ஸ்விஃப்ட்டுக்கும் அதுதான், டொயோட்டா எட்டியோஸுக்கும் அதுதான். வீல் உள்ளே எவ்வளவு போகும், வெளியே எவ்வளவு துருத்தும் என்று சொல்வது அகலமும் ஆஃப்செட்டும். 17×7.5 என்றால் 17 இன்ச் விட்டம், 7.5 இன்ச் அகலம். ஆஃப்செட் என்பது வீலின் நடுக்கோட்டிலிருந்து, வண்டியோடு பூட்டும் முகம் எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறது என்ற கணக்கு, அந்த எண் குறையக் குறைய வீல் வெளியே வரும். உங்கள் வண்டியில் கம்பெனி போட்டது 14×5.5, ஆஃப்செட் 45. கடைக்காரர் காட்டுவது இரண்டு இன்ச் கூடுதல் அகலம், அதில் பாதி, அதாவது 25 மி.மீ., வெளிப்பக்கம் போகும். ஆஃப்செட் 45-லிருந்து 25-க்கு இறங்குவதால் இன்னும் 20. ஆக ரிம் விளிம்பு 45 மி.மீ. வெளியே வந்து நிற்கும், ஒன்றே முக்கால் இன்ச்! சின்னப் பள்ளத்தில் இறங்கினாலே மட்கார்டு ஓரம் டயரைச் சீவும், வீல் பேரிங்கும் சீக்கிரம் ஊளையிட ஆரம்பிக்கும். ஆரியங்காவு தாண்டினால் இன்னொரு தலைவலியும் உண்டு. கேரளாவில் மோட்டார் வாகனத் துறைக்காரர்கள் இந்த விஷயத்தில் கறார். கம்பெனி சொன்ன அளவிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு சொல்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை அழுத்திச் சொன்னதே கேரளாவிலிருந்து போன வழக்கில்தான்.

அளந்து பார்க்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். கொத்தனாரிடம் ஒரு தூக்குக்குண்டு வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, மட்கார்டு வளைவின் உச்சியில் நூலைப் பிடித்துக் குண்டைத் தொங்கவிடுங்கள். நூலுக்கும் இப்போதைய ரிம் விளிம்புக்கும் நடுவே எத்தனை மி.மீ. இருக்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். அதுதான் உங்கள் கையிருப்பு, அதற்குமேல் ஆசைப்படக்கூடாது. நாலு பக்கமும் அளக்க வேண்டும், முப்பது வருஷம் ஓடிய வண்டியில் இடதும் வலதும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். அப்புறம் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்துவிட்டு, டயருக்குப் பின்னால் கையை விட்டு உள்பக்க இடத்தையும் தடவிப் பார்த்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால் 15 இன்ச்சோடு நிறுத்துங்கள். 15×6.5, ஆஃப்செட் 40 என்றால் வெளியே 18, உள்ளே 8 மி.மீ.தான் கூடும். அதற்கு 195/50 ஆர்15 டயர் (195 மி.மீ. அகலம், அதில் 50 சதவீதம் பக்கச்சுவர் உயரம், 15 இன்ச் ரிம்) போட்டால் மொத்த உயரம் 576 மி.மீ., ஒரிஜினல் 185/60 ஆர்14-க்கு 578. ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லாது. ஆனால் வீலுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால், அந்த டயர் நாலும் ஒரே பிராண்டில், ஒரே மாடலில் கைக்கு வருமா என்று நாலு கடையில் கேளுங்கள். நம் ஊர்க் கடைகளில் அடுக்கியிருப்பது ஹேட்ச்பேக் சைஸ்கள்தான். 195/50 இல்லை என்று 185/60 ஆர்15 போட்டுவிடுவார்கள், அதன் உயரம் 603, நாலு சதவீதத்துக்கு மேல் கூடுதல், வண்டி தூக்கிக்கொண்டு நிற்கும், இழுவையும் மந்தமாகும். 195/50 கிடைக்கவே இல்லையென்றால், நெளிந்த இரண்டு வீலுக்கு மாற்று தேடிக்கொண்டு 14-லேயே இருங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. கம்பெனி போட்ட அந்த ஏழு ஸ்போக் அலாய் ஒன்று சுமார் ஐந்தரை கிலோதான், புது 17 இன்ச் வீல் எதுவும் கிட்டத்தில்கூட வராது.

இன்னொன்று, உங்கள் சாலை. குற்றால சீசனில் புளியரை எஸ் வளைவிலிருந்து தென்மலை வரைக்கும் ரோடு காய்வதே இல்லை. உங்கள் வண்டி ஒரு டன்கூட இல்லாத எடை. இவ்வளவு லேசான வண்டிக்கு டயரை அகலமாக்க அகலமாக்க, தேங்கிய தண்ணீரில் தரையைத் தொடாமல் மிதக்கும். 205-க்கு மேல் யோசிக்கவே வேண்டாம். ஆழமான நீர்வடி பள்ளம் உள்ள டயராகப் பாருங்கள்.

வீலின் நடு ஓட்டையை மறந்துவிடாதீர்கள். இதில் நான் பட்டது போதும். என் பழைய ஹோண்டா சிட்டிக்கு ஆசையாக ஒரு செட் அலாய் போட்டேன், 80-ஐத் தொட்டால் ஸ்டீயரிங் கிடுகிடுவென்று ஆடும். கடையில் மூன்று தடவை பேலன்சிங் செய்து காசு வாங்கினார்கள், ஆட்டம் நிற்கவில்லை. கடைசியில் ஒரு பஞ்சர் கடைப் பையன் நடு மூடியைக் கழற்றி, ஹப்புக்கும் (வீல் உட்காரும் அச்சு முனை) வீலுக்கும் நடுவே சுண்டுவிரல் நுனியை விட்டுக் காட்டினான். ஹப் 56.1 மி.மீ., வீல் ஓட்டை 73.1! வீல் நடுவில் உட்காராமல் நட்டின் தயவில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. உங்கள் மாஸ்டாவுக்கு ஹப் 54.1. வீல் ஓட்டை பெரிதாக இருந்தால் அந்த இடைவெளியை அடைக்கிற ரிங் நாலு கேட்டு வாங்குங்கள், "அதெல்லாம் தேவையில்லை சார்" என்று சொன்னால் வேறு கடைக்குப் போங்கள்.

நட்டிலும் ஒரு கண்ணி உண்டு. மாஸ்டாவின் ஸ்டட் (நட் பூட்டுகிற மரைக் கம்பி) எம்12×1.5, அதாவது 12 மி.மீ. தடிமன், மரைக்கு மரை 1.5 மி.மீ., மாருதியின் நட் எம்12×1.25. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், கையால் ரெண்டு சுற்று போகும், அப்புறம் இறுகும், ஏர் கன் வைத்து அழுத்தினால் மரை காலி. முதலில் கையாலேயே பூட்டச் சொல்லுங்கள். முடிவில் டார்க் ரெஞ்சால் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பானர்) 90 முதல் 118 நியூட்டன் மீட்டருக்குள் இறுக்கி, 100 கி.மீ. ஓடியதும் மறுபடி பாருங்கள். காற்று விஷயத்தில் கடைக்காரர் பழக்கதோஷத்தில் 35 அடிப்பார். இந்த வண்டிக்குக் கம்பெனி சொன்னது 26 பிஎஸ்ஐ. பக்கத்திலேயே நின்று சொல்லுங்கள், நம்ப மாட்டார்கள்.

கேள்வி: பழைய ஃபியட் பாலியோ 1.6-க்கு 4×100 அலாய் போடலாம், 2 மி.மீ. தானே வித்தியாசம் என்கிறார் மெக்கானிக். சரிதானா?
- வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: சரியில்லை. பாலியோவுக்கு 4×98. ஒவ்வொரு போல்ட்டும் 1 மி.மீ. சாய்ந்து உட்காரும், இறுகியது மாதிரி காட்டிவிட்டு ஓட்டத்தில் தளரும். 98-லேயே தேடுங்கள், நேரமாகும், ஆனால் கிடைக்கும்.

கேள்வி: பாதி விலைக்குப் புது டயர் தருகிறார்கள். ஸ்டிக்கர்கூடக் கிழியவில்லை. நம்பலாமா?
- வாசகர், களியக்காவிளை

பதில்: ஸ்டிக்கரைப் பார்க்காதீர்கள், சைடுவாலில் நாலு இலக்க எண்ணைத் தேடுங்கள். 3517 என்றிருந்தால் 2017-ல் 35-வது வாரம் செய்த டயர். ஒரு பக்கம் அந்த எண் இல்லையென்றால் மறுபக்கம் இருக்கும், டயரைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். திருப்ப மறுத்தால் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுங்கள்.